ஊர் என்றால் யார்?

பழைய கிரயப் பத்திரங்களைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? கதை படிப்பதுபோல் யாரும் அவற்றைப் படிப்பதில்லை. தகராறு வந்தால்தான் பெட்டியிலிருந்து எடுக்கிறோம். ஆனால் அந்தப் பத்திரங்களில் சக்குபந்தி விவரம் என்று நாலு வரி வருமே, அதை நிதானமாகப் படித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். கிழக்கே இன்னாருடைய புஞ்சை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே இன்னாருடைய தோப்பு, தெற்கே ஓடை. இந்த நான்கு எல்லைக்குள் அடங்கியதுதான் விற்கப்படும் நிலம். அதாவது, என் நிலம் எது என்று கேட்டால், அடுத்தவன் நிலம் முடிகிற இடத்தில் ஆரம்பிக்கிறது என்பதுதான் பதில். என் சொத்துக்கு அடையாளமாக நிற்பவன் என் அண்டைக்காரன்.

சர்க்கார் சங்கிலி போட்டு அளக்கலாம். கல் நடலாம். இந்தக் காலத்தில் ஆகாயத்திலிருந்து படமும் எடுக்கலாம். அவையெல்லாம் நிலம் எவ்வளவு என்று சொல்லும். யாருடையது என்று சொல்லமாட்டா. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் எந்த ராஜாங்கமும் கடைசியில் ஊரைக் கூட்டி, "இது யாருடையது?" என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கேட்பது சுலபம். ஆனால் ஊர் என்றால் யார்? ஊர்க்கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமா, வேலிக்கு அப்பால் நின்று எட்டிப் பார்ப்பவர்களுமா? இந்தக் கேள்வியைச் சுற்றி நடந்த இரண்டு சரித்திரங்களைச் சொல்ல விரும்புகிறேன். இரண்டுக்கும் நடுவே தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. மற்றொன்று ஆப்பிரிக்காவின் நடுவே, மலைகள் நிறைந்த ஒரு சிறு நாட்டில்.

1066-ம் ஆண்டில் நார்மண்டியின் பிரபு வில்லியம் கடல் கடந்து வந்து, ஹேஸ்டிங்ஸ் என்ற இடத்தில் ஒரே நாள் சண்டையில் இங்கிலாந்தின் கிரீடத்தைப் பறித்துக்கொண்டார். ராஜ்யம் கைக்கு வந்தால் கூட வந்த சேனாபதிகளுக்குக் கூலி கொடுக்கவேண்டும் அல்லவா? நிலமாகவே கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தின் பழைய பிரபுக்கள் பெரும்பாலும் மறைந்துபோனார்கள். சிலர் போரில் செத்தார்கள்; சிலர் ஓடிப்போனார்கள்; சிலர் தங்கள் சொந்த நிலத்திலேயே புது எஜமானுக்குக் குத்தகைக்காரர்களாகத் தலை குனிந்தார்கள். நேரடியாக அரசரிடமிருந்து பெரிய நிலம் பெற்று அனுபவித்த ஆங்கிலேயர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே.

இந்தக் கைமாற்றம் ஒழுங்காகவும் நடக்கவில்லை. அரசர் பத்துக் காணி கொடுத்தால் பிரபு பதினைந்தாக வளைத்துக்கொண்டார். மடத்து நிலத்தைப் பக்கத்து வீரர் உழுதார். வரி வாங்க வந்த ஷெரீப் தம் பங்குக்குக் கொஞ்சம் சுருட்டிக்கொண்டார். யாரிடம் எது இருக்கிறது, எந்த உரிமையில் இருக்கிறது என்று அரசருக்கே தெரியாத நிலை. போதாக்குறைக்கு 1085-ல் டென்மார்க்கிலிருந்து படையெடுப்பு வரப்போகிறது என்று பயம். கூலிப்படையைக் கொண்டுவந்து நாடெங்கும் தங்கவைத்துச் சோறு போடவேண்டியிருந்தது. யார் எவ்வளவு கொடுக்க முடியும் என்று தெரிந்தாக வேண்டும்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வில்லியம் குளோஸ்டர் நகரத்தில் தங்கியிருந்தார். சபையோருடன் நீண்ட ஆலோசனை நடத்தினார். அதன் முடிவில் ராஜ்யம் முழுவதும் கணக்கெடுக்க ஆட்கள் புறப்பட்டார்கள். தேசத்தை ஏழு வட்டங்களாகப் பிரித்து வேலை செய்ததாக ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். 1086-ம் ஆண்டுக்குள் பெரும் பகுதி முடிந்துவிட்டது. பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்கள் கணக்கில் ஏறின. ரயில் இல்லை, தபால் இல்லை, நல்ல சாலைகூட இல்லாத காலம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எப்படி இவ்வளவு விரைவில் முடித்தார்கள்? ரகசியம் ஒன்றும் பிரமாதமில்லை. அவர்கள் அளக்கவில்லை, கேட்டார்கள். பழைய வரிப் பட்டியல்களும் பிரபுக்கள் எழுதிக் கொடுத்த கணக்குகளும் முதலில் சேர்க்கப்பட்டன. பிறகு அந்தக் கணக்கு சரிதானா என்று ஊராரைச் சத்தியம் செய்யச் சொல்லி விசாரித்தார்கள். ஈலி என்ற இடத்து மடத்தார் இந்த விசாரணையின் கேள்விகளைப் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். யார் யார் சத்தியம் செய்ய வேண்டும் என்ற ஜாபிதாவும் அதில் இருக்கிறது. ஷெரீப், பிரபுக்கள், அவர்களுடைய பிரெஞ்சுக்காரர்கள். 'ஹண்ட்ரட்' என்று பெயர்கொண்ட, நம் பிர்க்கா போன்ற ஒரு பிரிவின் மக்கள். இவர்களோடு ஒவ்வொரு ஊரிலிருந்தும் பாதிரியார், மணியக்காரர், ஆறு குடியானவர்கள். இந்தக் குடியானவர்கள் சுதந்திர மனிதர்கள் அல்லர். பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டவர்கள். அவர்களையும் அரசரின் அதிகாரி எதிரே நிறுத்திக் கேட்டார்கள்.

என்ன கேட்டார்கள்? இந்தக் கிராமத்தின் பெயர் என்ன? எட்வர்டு அரசர் காலத்தில் யார் கையில் இருந்தது? இப்போது யார் கையில் இருக்கிறது? எத்தனை ஏர்? எத்தனை குடியானவர்கள்? எத்தனை அடிமைகள்? காடு எவ்வளவு, புல்வெளி எவ்வளவு, ஆலை எத்தனை, மீன் குட்டை எத்தனை? முன்பு என்ன பெறும், இப்போது என்ன பெறும்? எட்வர்டு காலம், வில்லியம் தானம் கொடுத்த சமயம், இன்று என்று மூன்று காலத்துக்கும் இதே கேள்விகள். இன்னும் அதிகமாகக் கறக்க முடியுமா என்பதையும் கேட்கத் தவறவில்லை. அந்தக் காலத்து ஆங்கில வரலாற்றுக் குறிப்பை எழுதிய துறவி ஒருவர் இதைக் கண்டு மனம் பொறாமல், ஒரு மாடோ பசுவோ பன்றியோகூடத் தப்பவில்லை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்ற பொருளில் புலம்பி வைத்திருக்கிறார்.

கேம்பிரிட்ஜ் பக்கத்து ஹண்ட்ரட்களில் சத்தியம் செய்தவர்களின் பெயர்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர். அவர்களில் நாலு பேர் பிரெஞ்சுக்காரர்கள். நாலு பேர் ஆங்கிலேயர்கள். ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரே பெஞ்சில்! எட்வர்டு காலத்துச் சங்கதி ஆங்கிலேயனுக்குத்தான் தெரியும். இன்றைய எஜமானின் சங்கதி பிரெஞ்சுக்காரனுக்குத் தெரியும். ஒருவன் பொய் சொன்னால் மற்றவன் பிடித்துவிடுவான். அதுவும் போதாதென்று, முதலில் போனவர்கள் சரியாக விசாரித்தார்களா என்று பார்க்க, அந்தப் பக்கத்தோடு சம்பந்தமில்லாத வேறு அதிகாரிகளை இரண்டாம் முறை அனுப்பினார்கள் என்று ஹெரிஃபோர்டு நகரத்துப் பிஷப் குறித்து வைத்திருக்கிறார். வில்லியம் ஆட்களை நம்புகிறவர் அல்லர்.

ஆயினும், பயத்தினால் மட்டும் ஊரார் பேசவில்லை. வாய்ப்புக் கிடைத்ததே என்றும் பேசினார்கள். சில நிலங்களைப் பற்றிக் கேட்டபோது, அரசரின் முத்திரையையோ, நிலத்தை ஒப்படைக்க வந்த ஆளையோ தாங்கள் கண்டதே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் பொருள் என்ன? 'இந்தப் பிரபு திருடன்' என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. கேம்பிரிட்ஜ் நகரத்தார் தங்கள் ஷெரீப்பைப் பற்றி வெளிப்படையாகவே புகார் செய்தார்கள். மூன்று ஆலைகளைக் கட்டிப் பொது மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டார், பல வீடுகள் அழிந்துபோயின என்றார்கள். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார். ஷெரீப் என்றால் சாமானியமா? அந்த ஜில்லாவில் அரசரின் பிரதிநிதி அவர்தான். அவரைப் பற்றி அரசரின் புத்தகத்திலேயே புகார் ஏறுவதென்றால், கேட்கிற காது ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் ஜனங்களுக்குத் தைரியம் வருகிறது என்றுதான் அர்த்தம்.

இனி நான் சொல்லப்போவது அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு. ஹாம்ப்ஷயரில் சார்ஃபோர்டு என்று ஓர் ஊர். அங்கே ஒரு சிறு நிலம் பிகோ என்பவரின் அனுபோகத்தில் இருந்தது. வில்லியம் தெ சார்னே என்பவர் அதற்குப் பாத்தியதை கொண்டாடினார். அந்த நிலம் தம் மேலாளரான ஹியூ தெ போர்ட்டின் கிராமத்தைச் சேர்ந்தது என்பது அவர் வாதம். அதற்குச் சாட்சியாக ஜில்லாவிலும் ஹண்ட்ரட்டிலும் உள்ள பெரிய மனிதர்களையும் முதியவர்களையும் கூட்டி வந்தார். பிகோ என்ன செய்தார் தெரியுமா? குடியானவர்களையும் சாதாரண ஜனங்களையும் மணியக்காரர்களையும் கூட்டி வந்து நிறுத்தினார். அந்த நிலத்தை முன்பு வைத்திருந்தவன் சுதந்திர மனிதன், நிலத்தோடு தன் இஷ்டப்படி எந்த எஜமானிடமும் போகக்கூடியவன் என்று அவர்கள் சொன்னார்கள். வெறும் வாயால் சொல்லவில்லை. சத்தியம் செய்யவும் தயார், தெய்வ பரீட்சைக்கு உட்படவும் தயார் என்றார்கள். தெய்வ பரீட்சை என்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிப்பது முதலான சோதனைகள். பெரிய மனிதர்களோ அதற்கெல்லாம் சம்மதிக்கவில்லை. அரசர் தீர்ப்புச் சொல்லும் வரையில் எட்வர்டு காலத்துச் சட்டத்தைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

யார் பக்கம் உண்மை? புத்தகத்தில் தீர்ப்பு இல்லை. எழுத்தர் இரு தரப்பையும் எழுதி விட்டு அடுத்த நிலத்துக்குப் போய்விட்டார். பிகோவும் பிரபுதான், ஏழைகள் மீது கருணை கொண்டு அவர்களைக் கூட்டி வந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. தமக்குச் சாதகமாகப் பேசுகிறவர்களை அழைத்து வந்தார், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரே ஊர். ஒரே நிலம். ஒரு பக்கம் கௌரவமான கிழவர்கள். மறுபக்கம் காலில் சேறு காயாத உழவர்கள். இருவரும் "ஊர் அறியும்" என்றுதான் சொல்கிறார்கள். ஊர் இரண்டாகப் பிளந்து அதிகாரியின் முன்னே நிற்கிறது!

பொதுவாக அந்தப் புத்தகம் உணர்ச்சியே இல்லாதது. லத்தீன் மொழியில், சுருக்கெழுத்துப் போல, எண்களும் பெயர்களுமாக ஓடும். ஓரிடத்தில் மட்டும் எழுத்தரின் கை கொஞ்சம் தயங்கியதோ என்று தோன்றுகிறது. பக்கிங்காம்ஷயரில் மார்ஷ் கிப்பன் என்ற ஊரில் அயில்ரிக் என்று ஓர் ஆங்கிலேயன். எட்வர்டு காலத்தில் அந்த நிலம் அவனுக்கே சொந்தம். இப்போது அதே நிலத்தை ஒரு நார்மன் பிரபுவிடமிருந்து குத்தகைக்குப் பிடித்து உழுகிறான். அந்தக் குத்தகையைப் பற்றி எழுதுகையில், பாரமும் துன்பமுமாக அவன் அதை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அயில்ரிக் சொன்னதை எழுதினார்களா, ஊரார் சொன்னதை எழுதினார்களா, எழுத்தரே மனம் இளகினாரா, தெரியாது. இருபது ஆண்டுச் சரித்திரம் முழுவதும் அந்த இரண்டு வார்த்தைகளில் இருக்கிறது.

வில்லியம் 1087-ல் இறந்துவிட்டார். புத்தகம் நிலைத்தது. நூறாண்டுகளுக்குள் அதற்கு ஜனங்கள் 'டூம்ஸ்டே' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இறுதித் தீர்ப்பு நாள் என்று அர்த்தம். அதில் எழுதியதற்கு அப்பீல் கிடையாது என்ற கருத்து.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. 1377-ம் ஆண்டில் தென் இங்கிலாந்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கிராமங்களின் குடியானவர்கள் ஒரு புதுமை செய்தார்கள். பணம் திரட்டி, டூம்ஸ்டே புத்தகத்திலிருந்து தங்கள் ஊரைப் பற்றிய பகுதிக்கு நகல் வாங்கினார்கள். தங்கள் ஊர் ஆதியில் அரசருக்கே சொந்தம், ஆகையால் இடையில் வந்த பிரபுக்களுக்கு இஷ்டப்படி வேலை செய்யவேண்டிய கடமை தங்களுக்கு இல்லை என்று வாதாடி வேலையை நிறுத்தினார்கள். பார்லிமெண்டில் பிரபுக்கள் கூச்சல் போட்டார்கள். வழக்குகள் பெரும்பாலும் குடியானவர்களுக்குத் தோல்வியாகவே முடிந்தன. நாலு ஆண்டு கழித்து, 1381-ல், இங்கிலாந்தில் பெரிய விவசாயிகள் கிளர்ச்சி மூண்டது.

இதில் நான் காணும் விசேஷம் இதுதான். புத்தகம் எழுதியது அரசர், தம் வரிக்காக. சாட்சி சொன்னது குடியானவன், எஜமான் இழுத்து வந்ததற்காக. ஆனால் முந்நூறு ஆண்டு கழித்து அவனுடைய சந்ததி அந்தப் புத்தகம் தங்களுடையதும்தான் என்று வந்து நின்றது. தாத்தா வாய் திறந்து சொன்ன வார்த்தையின் மேல் பேரனுக்குப் பாத்தியதை இல்லையா?

இனி ஆப்பிரிக்காவுக்குப் போவோம்.

ருவாண்டா, இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே உள்ள நாடு. ஆயிரம் குன்றுகளின் நாடு என்று செல்லமாகச் சொல்வார்கள். குன்றின் அடிவாரத்திலிருந்து உச்சி வரையில் சிறு சிறு வயல்கள். ஒரு குடும்பத்துக்கு மொத்தத்தில் ஒரு ஹெக்டேர்கூடத் தேறாது. அதுவும் நாலைந்து இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கும். 1994-ம் ஆண்டில் ஏப்ரலிலிருந்து ஜூலை வரையில் நூறு நாட்களில் அங்கே நடந்த கொலைகளை உலகம் அறியும். எட்டு லட்சம் பேர் வரையில் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் டூட்சி இனத்தவர். கொன்றவர்கள் எங்கிருந்தோ வந்த படையினர் மட்டும் அல்லர். பல இடங்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள், பக்கத்து வயல்காரர்கள்.

அடங்கிய பிறகு பார்த்தால் நிலங்களின் கதி என்ன? 1959-ல் ஆரம்பித்து முன்னமே விரட்டப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தார்கள். அவர்கள் விட்டுப்போன நிலத்தில் வேறொருவர் முப்பது ஆண்டுகளாகப் பயிர் செய்துகொண்டிருந்தார். சில பகுதிகளில் உள்ள நிலத்தை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும்படி சர்க்கார் சொல்லிற்று. மறுபக்கம், வீடு வீடாக விதவைகள். புருஷன் இல்லை; அவன் சகோதரர்கள் நிலத்தைக் கேட்கிறார்கள். பழைய வழக்கப்படி பெண்ணுக்கு நிலத்தில் வாரிசு உரிமை கிடையாது. 1999-ல் வந்த சட்டம்தான் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று விதித்தது.

2005-ல் நிலச் சட்டம் இயற்றி, நாட்டில் உள்ள ஒவ்வொரு துண்டு நிலத்தையும் பதிவு செய்வதென்று தீர்மானித்தார்கள். 2007-லும் 2008-லும் நாலு சிற்றூர்ப் பகுதிகளில் பரீட்சை பார்த்தார்கள். 2009 முதல் நாடெங்கும் வேலை தொடங்கியது. செலவுக்குப் பெரும்பங்கு உதவிய நாடுகளில் இங்கிலாந்தும் ஒன்று. வில்லியத்தின் ஆவி அறிந்தால் சிரித்திருக்கும்!

படித்துப் பட்டம் பெற்ற சர்வேயர்களை வைத்து அளந்தால் அரை நூற்றாண்டு ஆகும். ஆகவே உள்ளூர் ஆண்களுக்கும் பெண்களுக்குமே சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள். குறித்த நாளில் நிலக்காரர் தம் வயலில் நிற்பார். நாலு பக்கத்து வயல்காரர்களும் வரவேண்டும். எல்லோருமாக வரப்பின் மேல் நடப்பார்கள். "இந்த மரம் வரையில் உன்னுடையது, அந்தப் பள்ளத்திலிருந்து என்னுடையது" என்று ஒப்புக்கொண்டதும் படத்தின் மேல் கோடு இழுக்கப்படும். எண் கொடுக்கப்படும். நிலக்காரர் கையில் ரசீது. ஒப்புக்கொள்ளாவிட்டால் தகராறுப் புத்தகத்தில் பெயர் ஏறும். பிறகு, யார் யாருக்கு எந்தத் துண்டு என்ற பட்டியலையும் படத்தையும் ஊரில் பொது இடத்தில் வைத்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று தவணை கொடுப்பார்கள். தகராறுகளைத் தீர்க்க 'அபுன்சி' என்ற ஊர் மத்தியஸ்தர்கள் இருந்தார்கள். சமரசம் செய்து வைப்பவர்கள் என்பது அந்தச் சொல்லின் பொருள்.

சுமார் நாலே ஆண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட துண்டுகள் பதிவாயின. துண்டு ஒன்றுக்கு ஆன செலவு ஆறு ஏழு டாலர்தான். நிலக்காரர் கொடுக்கவேண்டிய கட்டணம் ஆயிரம் ருவாண்டா பிராங்கு. இரண்டு டாலருக்கும் குறைவு. உலகத்தில் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

கணக்கை விட என் மனத்தைத் தொட்டது வேறு. அந்த ஆண்டுகளிலேதான் 'கச்சாச்சா' என்ற ஊர் நீதிமன்றங்களும் புல்தரையில் உட்கார்ந்து 1994-ன் கொலைகளை விசாரித்துக்கொண்டிருந்தன. 2012-ல்தான் அவை முடிந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறையிலிருந்து திரும்பியவர்களும், குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களும் ஒரே குன்றில் வசித்தார்கள். எல்லையைக் காட்ட நாலு பக்கத்துக்காரர்களும் வரவேண்டும் என்பது விதி. அப்படியானால் வரப்பின் மேல் யார் யாரோடு சேர்ந்து நடந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது பேனா ஓடமாட்டேன் என்கிறது. பதிவான தகராறுகள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்குதான். அது சமாதானத்தின் அடையாளமா, அல்லது பேசினால் வம்பு என்று சிலர் வாயை மூடிக்கொண்டதன் அடையாளமா? சர்க்காரின் கை பலமாக உள்ள அந்த நாட்டில் இரண்டும் கலந்தே இருக்கும் என்று நினைக்கிறேன். ஊர் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று காகிதம் எடுத்துக்கொள்ளும். மனிதர்களைப் பற்றிக் கதை எழுதுகிறவன் அவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொள்ள மாட்டான்.

இங்கேயும் ஊர் என்றால் யார் என்ற கேள்வி வந்து நின்றது. வேறு உருவத்தில் வந்தது. சட்டம், கணவன் மனைவி இருவர் பெயரிலும் நிலத்தைப் பதியச் சொல்லிற்று. நல்ல சட்டம்தான். ஆனால் யார் மனைவி? சர்க்கார் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டவள் மட்டுமே சட்டப்படி மனைவி. ஊர் வழக்கப்படி கைப்பிடித்து, இருபது ஆண்டு குடித்தனம் செய்து, நாலு குழந்தை பெற்று, அந்த வயலிலேயே குனிந்து களை எடுத்தவள் மனைவி அல்ல! அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பரீட்சை நடந்த நாலு பகுதிகளையும் ஆராய்ந்து பார்த்தபோது உண்மை வெளிவந்தது. பதிவுத் திருமணம் செய்தவர்களின் உரிமை பலப்பட்டிருந்தது. மற்றப் பெண்களுக்கோ, முன்பு வழக்கத்தில் இருந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பும் நழுவியிருந்தது. வழக்கம் என்பது மங்கலானது; அந்த மங்கலில் ஒரு பெண் எப்படியோ ஒண்டிக்கொள்ளலாம். காகிதம் தெளிவானது; பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த மனைவி ஊருக்குப் புதியவளா? வரப்பில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். ஆனால் படிவத்தில் அவளுக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாவிட்டால் எழுதுகிறவன் என்ன செய்வான்?

பாராட்ட வேண்டிய விஷயம், தவறு தெரிந்ததும் திருத்திக்கொண்டார்கள். நாடு முழுவதும் வேலை பரவும்போது படிவத்தையும் முறையையும் மாற்றி, பதிவுத் திருமணம் ஆகாத பெண்ணின் பெயரையும் எழுத வழி செய்தார்கள். இன்று அங்கே பெரும்பாலான பத்திரங்களில் பெண்ணின் பெயர் தனியாகவோ கணவனோடு சேர்ந்தோ இருக்கிறது. ஒரு பரீட்சை பார்த்து, அதில் அடிபட்டவர்கள் யார் என்று தேடிப் போய்க் கேட்டதனால் கிடைத்த பலன் இது.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடவும் முடியவில்லை. முதல் பதிவு ஊராரோடு, வயலிலே, சல்லிசாக நடந்தது. அதன் பிறகு நிலம் விற்றாலோ, தகப்பன் செத்துப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டாலோ, அலுவலகத்துக்கு நடந்து போய்க் கட்டணம் கட்டி மாற்ற வேண்டும். துண்டு எவ்வளவு சிறிதானாலும் ஒரே கட்டணம் என்று வெகுகாலம் இருந்தது. 2013-ம் ஆண்டுச் சட்டம் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த விளைநிலத்தைப் பிரித்துப் பதிவு செய்யவும் தடை போட்டது. பெரும்பாலோரின் நிலமே அதைவிடக் குறைவு அல்லவா? ஆகவே பலர் பழையபடி இரண்டு சாட்சி வைத்துக் கைமாற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள். ஊர் ஒன்று சொல்ல, புத்தகம் வேறொன்று சொல்ல ஆரம்பித்தது. ஒரு நாள் ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டு, பிறகு கதவைச் சாத்திக்கொண்டால் எந்தக் கணக்கும் கெட்டுப்போகத்தான் செய்யும்.

இரண்டு சரித்திரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வில்லியம் வரிக்காகக் கேட்டார். ஆனாலும் குடியானவனைக் கேட்டார். எழுதும்போது அவன் பெயரை விட்டுவிட்டார். டூம்ஸ்டே புத்தகத்தில் குடும்பத் தலைவர்களாக இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எண்ணப்பட்டிருக்கிறார்கள். பிரபுக்களுக்குப் பெயர் உண்டு. குடியானவர்களோ இந்த ஊரில் பத்துப் பேர், அந்த ஊரில் இருபது பேர் என்று வெறும் தொகை. அவர்கள் வாயால் வந்த புத்தகத்தில் அவர்கள் பெயர் இல்லை. லண்டனில் கியூ என்ற இடத்தில் அந்தத் தோல் ஏடுகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. சார்ஃபோர்டில் நெருப்பையும் தொடத் துணிந்து நின்றார்களே, அவர்களில் ஒருவன் பெயரைக்கூட நம்மால் சொல்ல முடியாது.

ருவாண்டாவில் ஏதோ ஒரு குன்றின் சரிவில், பதிவுத் திருமணம் ஆகாத ஒருத்தி தன் பெயர் அச்சடித்த தாளை மடித்துத் துணிகளுக்கு அடியில் வைத்திருப்பாள். அது இரண்டாவது படிவத்தில் எழுதிய தாள். முதல் படிவத்தோடு காரியம் முடிந்திருந்தால், ஊரே கூடி நின்று பதிவு செய்தது என்றுதான் நாமும் சரித்திரத்தில் படித்திருப்போம். அவள் ஒருத்தி அங்கே இருந்தாள் என்பதே நமக்குத் தெரிந்திராது.